58 சிசி மெஷின் ஒரே பருவத்தில் நின்றுவிட்டது: அடுத்து எந்த செயின்சா வாங்குவது?

வாசகர் கேள்வி: எங்கள் நிலத்தில் காற்றில் சாயும் மரங்களையும், கழித்துப்போடும் கிளைகளையும் நாங்களே அறுத்து விறகாக்குகிறோம். மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் வேலை இருக்கும். பெரும்பாலும் தொடைப் பருமன் மரங்கள்தான். எப்போதாவது இரண்டடி விட்டத்தில் அடிமரம் வரும். சில மரங்கள் நன்றாக வைரம் பாய்ந்தவை. போன பருவத்தில் ‘58 சிசி, 22 அங்குல பார்’ என்று போட்டிருந்த மலிவான செயின்சா ஒன்றை வாங்கினோம். சில மாதத்தில் இழுவை குறைந்தது. ஒரு நாள் வேலை நடுவில் நின்றது, அப்புறம் ஸ்டார்ட் ஆகவே இல்லை. கயிற்றை இழுத்தால் பிடிப்பே இல்லாமல் வருகிறது. அடுத்ததாக நம்பி வாங்கக்கூடிய மெஷின் எது? எத்தனை சிசி, எத்தனை அங்குலம்? பேட்டரி மெஷின் போதுமா? என் தம்பியும் இதில் வேலை செய்வான், அவன் இடதுகைக்காரன். அதற்குத் தனி மெஷின் இருக்கிறதா?

பதில்:

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கிற வேலைக்கு 45 முதல் 50 சிசி வரையிலான பெட்ரோல் செயின்சாவும் 16 அங்குல பாரும் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு) போதும். எந்த கம்பெனி என்பதற்கு மட்டும் நான் ஒரே பெயரைச் சொல்ல மாட்டேன். உங்களால் அரை நாளில் போய்த் திரும்ப முடிகிற தூரத்தில் எந்த கம்பெனி மெஷினைப் பிரித்துப் பழுது பார்க்கத் தெரிந்த ஆள் இருக்கிறாரோ, அவர் கடை அலமாரியில் எதற்கு உதிரிபாகம் இருக்கிறதோ, அதை வாங்குங்கள். பழுது பார்ப்பவரை முதலில் தேடுங்கள், மாடலை அப்புறம் பார்க்கலாம். செயின்சா பழுது பார்ப்பதே என் தொழில் என்பதால் சொல்கிறேன்: நல்ல கம்பெனி மெஷின் பலவும் கார்புரேட்டருக்குள் இருக்கிற டயாஃப்ரம் என்ற சின்னச் சவ்வு ஒன்று கிடைக்காமல் மூலையில் தூசி படிந்து கிடக்கின்றன.

புதிதை வாங்குவதற்கு முன்னால், பழையது ஏன் போனது என்று பார்த்துவிடுங்கள். காரணம் தெரியாமல் வாங்கினால் அடுத்ததும் அதே வழியில்தான் போகும். கயிறு பிடிப்பில்லாமல் வருகிறது என்றால் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்திப் பிடிக்கும் திறன், போய்விட்டது. சைலன்சரைப் பிடித்திருக்கும் இரண்டு மூன்று போல்ட்டுகளைக் கழற்றினால் புகை வெளியேறும் துவாரம் தெரியும். அதற்குள் டார்ச் அடித்து, கயிற்றை மெதுவாக இழுத்து, பிஸ்டன் மேலும் கீழும் போவதைப் பாருங்கள். நல்ல பிஸ்டனின் பக்கச் சுவர் வழுவழுப்பாக இருக்கும். உங்களுடையதில் மேலிருந்து கீழாக நகத்தால் கீறியதுபோல ஆழமான கோடுகள் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தக் கோடுகளே பாதிக் கதையைச் சொல்லிவிடும். சைலன்சர் பக்கம் மட்டும் கோடு விழுந்திருந்தால், எஞ்சின் தாங்காத சூட்டில் ஓடியிருக்கிறது: பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் உள்ளே போயிருக்கலாம், அல்லது மழுங்கிய செயினை வைத்து நெடுநேரம் அழுத்தி அறுத்திருக்கலாம். சுற்றிலும் எல்லாப் பக்கமும் கோடு என்றால் பெட்ரோலில் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்காமலோ, மிகக் குறைவாகக் கலந்தோ ஓட்டியிருக்கிறீர்கள். கார்புரேட்டர் பக்கம் பளபளப்பு மங்கித் தேய்ந்திருந்தால், ஏர் ஃபில்டர் சரியாக உட்காராமல் மரத்தூள் உள்ளே போயிருக்கிறது. இந்த எஞ்சினில் பைக்கில் இருப்பதுபோல அடியில் ஆயில் தேங்கி நிற்கும் இடம் எதுவும் கிடையாது. பெட்ரோலோடு கலந்து வருகிற ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் கிடைக்கிற ஒரே மசகு. அது ஒரு நிமிடம் தவறினாலும் உலோகம் உலோகத்தில் உரசும்.

இனி அந்த 58 சிசி. மெஷினோடு வந்த கையேட்டில் சிலிண்டர் விட்டமும் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஒரு தடவை நகரும் தூரம்) போட்டிருக்கிறதா பாருங்கள். விட்டத்தை சென்டிமீட்டராக்கி, அதை அதாலேயே பெருக்கி, ஸ்ட்ரோக்கால் பெருக்கி, கடைசியில் 0.785-ஆல் பெருக்கினால் உண்மையான சிசி வந்துவிடும். 45.2 மி.மீ. விட்டமும் 34 மி.மீ. ஸ்ட்ரோக்கும் போட்டிருந்தால் கணக்கு சுமார் 54.5 சிசிக்குத்தான் வரும், மூடியில் 58 என்று எவ்வளவு பெரிதாக அச்சடித்திருந்தாலும். மூன்றரை சிசி குறைவதால் மரம் அறுபடாமல் போகாது. ஆனால் இதில் கூட்டிச் சொல்கிறவர்கள் பேரிங்கிலும் ஆயில் சீலிலும் என்ன போட்டிருப்பார்கள் என்பதை யோசிக்க வேண்டும். பேர்பெற்ற கம்பெனிகளின் நிறத்தையும் வடிவத்தையும் அப்படியே எடுத்து, பெயரில் ஓரெழுத்தை மட்டும் மாற்றி வருகிற போலிகளும் நிறைய. சீரியல் எண் எஞ்சின் உடம்பிலேயே பொறித்திருக்கிறதா, வெறும் ஸ்டிக்கரா என்று பாருங்கள். அந்த எண்ணை அங்கீகாரம் பெற்ற டீலரிடம் கேட்டால் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

சிசியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எல்லாரும் அதை வைத்துத்தான் கடைக்குள் நுழைகிறார்கள். ஹஸ்க்வர்னா 450 என்ற மாடல் 50.2 சிசி, அதன் திறன் 2.4 கிலோவாட். அதே கம்பெனியின் 550 எக்ஸ்பி மார்க் 2 என்பது 50.1 சிசி, ஆனால் 3.0 கிலோவாட். சிலிண்டர் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். உள்ளே காற்று போகும் வழி, எஞ்சின் எவ்வளவு வேகத்துக்கு ஏறுகிறது, கட்டுமானம் எல்லாம் வேறு. ஷ்டீலிலும் இதே மாதிரிதான்: எம்எஸ் 250 என்பது 45.4 சிசியும் 2.3 கிலோவாட்டும், எம்எஸ் 261 என்பது 50.2 சிசியும் 3.0 கிலோவாட்டும். அதனால் பெட்டியில் சிசியைப் பார்த்ததும் நிற்காமல், கிலோவாட் எவ்வளவு, பாரும் செயினும் இல்லாத எடை எவ்வளவு என்று இரண்டையும் கேளுங்கள். கிலோவாட்டை எடையால் வகுத்து இரண்டு மாடல்களை ஒப்பிட்டால் எது உங்கள் கையை அதிகம் களைப்பாக்கும் என்பது தெரிந்துவிடும்.

இந்த இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசம் வெளியே தெரியாது. தொழில்முறை ஆட்களுக்கான மெஷினில் கிராங்க் கேஸ் (எஞ்சினின் அடிப்பகுதிக் கூடு) மெக்னீசியத்தில் வார்த்ததாக இருக்கும், சிலிண்டரைத் தனியாகக் கழற்றி மாற்றலாம். வீட்டு உபயோகத்துக்கான மெஷின்களில் பெரும்பாலும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு சின்ன எஞ்சினை உட்கார வைத்திருப்பார்கள். சிலிண்டரைத் தொட வேண்டுமென்றால் கிட்டத்தட்ட மெஷினையே கலைக்க வேண்டும். நாள் முழுக்க, வாரம் முழுக்க அறுப்பவருக்கு மெக்னீசியம் கேஸ் இல்லாமல் முடியாது. மாதத்தில் இரண்டு மூன்று நாள் என்றால் இரண்டுக்கும் நடுவில், விவசாய வேலைக்கென்று விற்கிற வகை உங்களுக்குச் சரியாக இருக்கும். நான் பெயர் சொன்ன 450-உம் எம்எஸ் 250-உம் உங்கள் வேலைக்குப் பொருந்தும். எக்கோவிலும் இதே அளவில் மெஷின்கள் இருக்கின்றன, நல்லவை. மீதமாகும் பணத்தை இன்னும் ஒரு செயினுக்கும், கீழே சொல்லப்போகிற பேன்ட்டுக்கும் செலவு செய்யுங்கள்.

ஒன்று கவனிக்க வேண்டும். மகிதா 2022-இல் பெட்ரோல் எஞ்சின் கருவிகள் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. அவர்களின் பெட்ரோல் செயின்சாக்கள் உழைக்கக்கூடியவை, இப்போதும் பழைய இருப்பாகவோ செகண்ட்ஹேண்டாகவோ கண்ணில் படலாம். வாங்குவதில் தப்பில்லை, ஆனால் சிலிண்டர், ஆயில் பம்ப், கிளட்ச் டிரம் இன்னும் எத்தனை வருஷம் கிடைக்கும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். நல்ல பெயருள்ள கம்பெனி என்பதும், நாளைக்கு உதிரிபாகம் கிடைக்கும் என்பதும் வேறு வேறு விஷயம்.

பார் நீளத்துக்கு வருகிறேன். இரண்டடி மரத்துக்கு இரண்டடி பார் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டாம். 16 அங்குல பார் என்றால் 40 சென்டிமீட்டர். ஒரு பக்கம் அறுத்துவிட்டு, சுற்றி வந்து எதிர்ப்பக்கமும் அறுத்தால் இரண்டடி அடிமரம் துண்டாகிவிடும். உங்கள் வழக்கமான வேலை தொடைப் பருமன் மரம். அதற்கு 16 அங்குலமே தாராளம். பார் நீளமானால் எஞ்சின் அத்தனை பற்களையும் இழுத்தாக வேண்டும். நீங்களும் அத்தனை பற்களுக்கும் அரம் போட வேண்டும், முனை எங்கே இருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தப்பிவிடும். முனை மண்ணில் ஒரு தடவை இடித்தால் போதும், கால் மணி நேரம் போட்ட அரம் வீண். முனை இன்னொரு கிளையில் பட்டால் என்ன ஆகும் என்பதைப் பிறகு சொல்கிறேன். உங்கள் பழைய மெஷினில் 22 அங்குல பார் இருந்ததே அதன் ஆயுளைக் குறைத்திருக்கும் என்பது என் கணிப்பு.

பெரிய அடிமரம் அறுக்கும்போது பிளாஸ்டிக் ஆப்பு இரண்டு கையில் வைத்திருங்கள். பாதி அறுத்ததும் பின்னால் ஒன்றைத் தட்டிவிட்டால் வெட்டு வாய் மூடி பாரைக் கவ்விக்கொள்ளாது. இரும்பு ஆப்பு வேண்டாம், செயின் பட்டால் பல் போய்விடும். காற்றில் சாய்ந்த மரம் தரையில் கிடக்கும்போது வில்லாக வளைந்து விறைத்திருக்கும். எந்தப் பக்கம் இழுபட்டு நிற்கிறது, எந்தப் பக்கம் அமுங்கி நிற்கிறது என்று பார்த்து, அமுங்கிய பக்கத்தில் கொஞ்சம் அறுத்துவிட்டுத்தான் இழுபட்ட பக்கத்துக்குப் போக வேண்டும். இது தனியாக ஒரு பதில் எழுத வேண்டிய விஷயம், இங்கே இதோடு விடுகிறேன்.

செயினில் இரண்டு மூன்று அளவுகள் இருக்கின்றன. இந்தச் சிசிக்கு .325 பிட்ச் (செயின் கண்ணிகளின் இடைவெளியைக் குறிக்கும் அங்குல அளவு) வழக்கமானது, சில மாடல்களில் 3/8 லோ புரொஃபைல் வரும். இரண்டும் சரிதான். பாரின் வேரில் பிட்ச், பள்ளத்தின் அகலம், டிரைவ் லிங்க் (பார் பள்ளத்துக்குள் ஓடுகிற கண்ணி) எண்ணிக்கை மூன்றும் பொறித்திருக்கும். அதைக் குறித்து வைத்துக்கொண்டு செயின் வாங்கப் போங்கள். பல் வடிவம்தான் முக்கியம். முழு சிசல் என்பது முனை கூர்மையாகச் செதுக்கியது. சுத்தமான பச்சை மரத்தில் அருமையாக ஓடும்; மண்ணும் காய்ந்த பட்டையும் பட்டால் சீக்கிரம் மழுங்கும். செமி-சிசல் முனை சற்று உருண்டையாக இருக்கும், வேகம் கொஞ்சம் குறைவு, கூர் அதிக நேரம் நிற்கும். தரையில் விழுந்து கிடக்கிற, வைரம் பாய்ந்த மரத்தை அறுக்கிற உங்களுக்கு செமி-சிசல்தான்.

செயினை ஒரு தடவை கையில் எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பல் இடப்பக்கம் வளைந்திருக்கும், அடுத்தது வலப்பக்கம். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கும். அந்த மேட்டுக்கும் பல்லின் உச்சிக்கும் உள்ள உயர வித்தியாசம் பெரும்பாலான செயின்களில் 0.65 மி.மீ. தான். ஒரு தடவைக்குப் பல் எவ்வளவு மரத்தைச் சீவ வேண்டும் என்பதை அந்த இடைவெளிதான் முடிவு செய்கிறது. 1946-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி, அடிக்கட்டையைக் குடைந்துகொண்டிருந்த ஒரு வண்டுப்புழுவின் தாடைகள் இடமும் வலமுமாக மரத்தைச் சீவுவதை உட்கார்ந்து பார்த்துத்தான் இந்தப் பல்லை உருவாக்கினார். அதற்கு முன்னால் இருந்த செயின்களில் கை ரம்பத்தில் இருப்பதுபோன்ற பற்கள். சீக்கிரம் மழுங்கும், அரம் போடவும் நேரம் பிடிக்கும். இன்று எந்த மெஷினை எடுத்தாலும் அதில் ஓடுவது அவர் செய்த வடிவத்தின் வழிவந்த பல்தான். ஒரு புழுவை அவ்வளவு பொறுமையாகப் பார்த்த மனிதர் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இப்போது பாதுகாப்பு. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பாரின் முனையில், மேல் கால்வட்டம் எங்காவது பட்டால் பற்களால் சீவ முடியாமல், செயினின் முழு வேகமும் பாரை மேலே தூக்கி உங்கள் முகத்தை நோக்கி எறியும். கிக்பேக் என்பது இதுதான். கண் இமைப்பதற்குள் நடந்து முடிந்துவிடும், கையை இறுக்கிப் பிடித்துச் சமாளிக்க முடியாது. அந்த நேரத்தில் காப்பாற்றுவது முன் கைப்பிடிக்கு எதிரே நிற்கும் தடுப்பும் அதோடு இணைந்த செயின் பிரேக்கும். நல்ல மெஷினில் மணிக்கட்டு அந்தத் தடுப்பில் படாவிட்டாலும், பார் தூக்கி எறியப்படும் வேகத்திலேயே பிரேக் விழும்.

கடையில் வாங்கும்போதே இதைச் சோதியுங்கள். எஞ்சின் அணைந்திருக்கும்போது தடுப்பை முன்னால் தள்ளி, கையுறை போட்டுக்கொண்டு செயினை இழுத்துப் பாருங்கள், அசையவே கூடாது. பிறகு பின்னால் இழுத்து விடுவியுங்கள். செயின் தடையில்லாமல் ஓட வேண்டும். அப்புறம் டீலரையே எஞ்சினை ஓட்டி, ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தி, மணிக்கட்டால் தடுப்பைத் தள்ளச் சொல்லுங்கள். செயின் டக்கென்று நிற்க வேண்டும், ஒரு சுற்று ஓடி ஓய்ந்து நிற்கக் கூடாது. ஆக்சிலேட்டரை விட்ட நிலையில் செயின் தானாக ஓடவும் கூடாது. பின் கைப்பிடியின் மேலே உள்ள பூட்டை அழுத்தாதபோது ஆக்சிலேட்டர் அமுங்காமல் இருக்கிறதா, பாருக்கு அடியில் அறுந்த செயினைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் அதிர்வைத் தாங்க ஸ்பிரிங்கோ ரப்பரோ இருக்கும், அழுத்தினால் லேசாக அசையும். அது சரியில்லாத மெஷினை வருஷக்கணக்கில் பிடித்தவர்களுக்கு விரல் மரத்து வெளுத்துப்போகும் நோய் வருகிறது. இந்தச் சோதனைகளைச் செய்து காட்ட மறுக்கிற கடையில் வாங்காதீர்கள். பெட்டியைப் பிரிக்காமல் கொடுத்து அனுப்புகிற கடையிலும் வேண்டாம்.

மெஷினோடு சேர்த்து வாங்க வேண்டியது செயின்சா பேன்ட். சாதாரணக் கனத்த துணி இல்லை. உள்ளே நீளமான இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். செயின் பட்டதும் அவை வெளியே உருவப்பட்டு, செயினை ஓட்டுகிற பற்சக்கரமான ஸ்பிராக்கெட்டைச் சுற்றிச் சிக்கி செயினை நிறுத்திவிடும். ஐஎஸ்ஓ 11393 என்ற தர எண்ணும், வகுப்பு 1 என்ற குறியும் இருக்கிறதா பாருங்கள். விநாடிக்கு 20 மீட்டர் செயின் வேகத்தில் சோதித்தது என்று அர்த்தம். முகத்துக்கு வலை வைத்த ஹெல்மெட், காதுக்கு மூடி, நல்ல பிடிப்புள்ள பூட்ஸ். காது மூடி இல்லாமல் தினமும் ஓட்டினால் காது போவது நிச்சயம், அது திரும்பியும் வராது. கால் அறுந்துபோனவர்களின் மெஷினை நான் பழுது பார்த்திருக்கிறேன். அந்த மெஷின்களில் எந்தக் குறையும் இருந்ததில்லை.

பேட்டரி மெஷின் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது 40 சிசி பெட்ரோல் மெஷினுக்கு ஈடு கொடுக்கிற பேட்டரி செயின்சாக்கள் வந்துவிட்டன. கயிறு இழுக்க வேண்டாம், கார்புரேட்டர் கிடையாது, புகை கிடையாது, பெட்ரோல் கெட்டுப்போகிற தொல்லையும் இல்லை. கிளை கழிப்பதற்கும், வீட்டுப் பக்கத்தில் அரை மணி நேர வேலைக்கும் நானே அதைத்தான் சொல்வேன். சிக்கல் தாக்குப்பிடிப்பதில்தான். 36 வோல்ட், 5 ஆம்பியர் மணி பேட்டரி என்றால் 180 வாட் மணி சக்தி. வைரம் பாய்ந்த மரத்தில் முழு வேகத்தில் ஓட்டினால் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். நாள் முழுக்க நிலத்தில் நின்று அறுக்க இரண்டு மூன்று பேட்டரிகளும், பக்கத்தில் மின் இணைப்பும் வேண்டும். உங்கள் வேலைக்கு அதை மட்டும் நம்ப முடியாது. பின்னாளில் வாங்குவதாக இருந்தாலும், சத்தம் குறைவு என்பதற்காக அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சதையை அறுப்பதில் இரண்டு செயினுக்கும் வித்தியாசம் இல்லை, கிக்பேக்கும் அப்படியேதான். பாருக்கு ஆயிலும் ஊற்ற வேண்டும்.

செகண்ட்ஹேண்ட் பார்க்கிறீர்கள் என்றால் ஒரே ஒரு சோதனை சொல்கிறேன். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட்டர் கைப்பிடியை மட்டும் பிடித்து மெஷினைத் தொங்கவிடுங்கள். விட்டு விட்டு மெதுவாக இறங்கினால் கம்ப்ரெஷன் இருக்கிறது. சர்ரென்று கீழே போனால் விற்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். மெஷின் உழைப்பதும் உழைக்காமல் போவதும் இனி உங்கள் கையில் இருக்கிறது. பெட்ரோல் கலவையை மறந்துவிடாதீர்கள். கம்பெனி கையேட்டில் 50:1 என்று போட்டிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. ஆயில். ஆயில் டப்பாவில் ஜாசோ எஃப்டி என்ற டூ ஸ்ட்ரோக் ஆயில் தரக் குறி இருக்க வேண்டும்; படகு எஞ்சினுக்கான ஆயில் தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கு உரியது, இதற்கு ஆகாது. மூடியால் அளந்து குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள், மி.லி. கோடு போட்ட குவளை வைத்துக்கொள்ளுங்கள். கலந்ததை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டரின் டயாஃப்ரத்தை விறைக்க வைக்கும். மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் மட்டும் ஓட்டுகிறவர்களின் மெஷின் என்னிடம் வருவது பெரும்பாலும் இதனால்தான். நெடுநாள் வைக்கப் போகிறீர்கள் என்றால் டாங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக அணையும்வரை ஓட்டிவிட்டு வையுங்கள்.

செயின் ஆயில் தனி. ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் அதையும் நிரப்புங்கள். ஆயில் வருகிறதா என்று பார்க்க, வெளுத்த அடிக்கட்டை ஒன்றுக்கு மேலே முனையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து வேகம் கொடுங்கள். கட்டை மேல் ஆயில் கோடாகத் தெறிக்க வேண்டும். வண்டியிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. அதில் உலோகப் பொடி இருக்கும், பம்பைத் தின்றுவிடும். அது தெறித்துத் தோலிலும் மூச்சிலும் சேர்வது உடம்புக்கும் கேடு.

அரம் போடுவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், அதை டீலரிடமே நின்று கற்றுக்கொள்ளுங்கள். .325 செயினுக்கு 4.8 மி.மீ. உருட்டு அரம், 3/8 லோ புரொஃபைலுக்கு 4.0 மி.மீ. பல்லின் உச்சியில் பொறித்திருக்கும் கோட்டுக்கு இணையாக, பொதுவாக 30 டிகிரியில், உள்ளிருந்து வெளியே தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள். திரும்ப இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். அரத்தின் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் உச்சிக்கு மேலே தெரிய வேண்டும். எல்லாப் பற்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் தள்ளுங்கள். ஒரு பக்கத்துப் பல் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் ஆனால் வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போகும். நாலைந்து முறை அரம் போட்ட பிறகு, பல்லுக்கு முன்னால் இருக்கிற மேட்டையும் தட்டை அரத்தால் கொஞ்சம் இறக்க வேண்டும், அதற்கென்று விற்கிற அளவுத் தகட்டை வைத்து. கண் மதிப்பில் இறக்கினால் பல் மரத்தைக் கடித்துக்கொண்டு மெஷின் குதிக்கும், கிக்பேக்கும் கூடும்.

எப்போது அரம் போட வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், கீழே விழுவதைப் பாருங்கள். சீவல் சீவலாக விழுந்தால் பல் கூராக இருக்கிறது. பொடியாக விழ ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள். கூரான செயின் மெஷினின் எடையிலேயே மரத்துக்குள் இறங்கும்; நீங்கள் அழுத்தித் தள்ள வேண்டியிருக்கிறது என்றால் அந்த அழுத்தம் முழுவதும் பிஸ்டனில் சூடாகப் போய்ச் சேர்கிறது. வேலைக்குப் போகும்போது தீட்டிய செயின் இன்னொன்றைக் கூடவே எடுத்துச் செல்லுங்கள், நடுவில் மாற்றிக்கொள்ளலாம். புதுச் செயின் முதல் நாள் நீளும், அடிக்கடி இறுக்க வேண்டியிருக்கும். வேலை முடிந்ததும் அந்த இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். சூட்டில் இறுக்கிய செயின் ஆறும்போது சுருங்கி கிராங்க் ஷாஃப்ட்டையே இழுக்கும். பாரை அவ்வப்போது மேல் கீழாகத் திருப்பிப் போட்டால் இரண்டு பக்கமும் ஒரே சீராகத் தேயும்.

கடைசியாக உங்கள் தம்பி. இடதுகைக்காரர்களுக்கென்று தனி செயின்சா இல்லை, அவரும் எல்லாரையும் போலவே இதைப் பிடிக்க வேண்டும்: வலது கை பின் கைப்பிடியில் ஆக்சிலேட்டரோடு, இடது கை முன் கைப்பிடியில், கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றி அடியில் மடங்கியிருக்க. அவருக்கு வசதி என்று கையை மாற்றிப் பிடித்தால் உடம்பு பாரின் நேர்க்கோட்டுக்கு வந்துவிடும். தூக்கி எறியும்போது பிரேக் தடுப்பைத் தட்ட வேண்டிய மணிக்கட்டும் அங்கே சரியாக இருக்காது. வலது கை மட்டும் பழக்கமில்லாமல் இருக்கும், அதனால் ஆரம்பத்தில் இடுப்பு உயரத்தில் கட்டைகளைத் தாங்கி வைத்து, முன்கைப் பருமன் கிளைகளில் மட்டும் பழகட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், ஆனால் பாரின் நேர் எதிரே வேண்டாம்; பேன்ட்டும் ஹெல்மெட்டும் இரண்டு பேருக்கும் தனித்தனியாக வாங்கிவிடுங்கள்.